வடிப்பதும் வைப்பதும்

குழம்பை வைக்கிறோம், ரசத்தை நுரை கட்டி இறக்குகிறோம், கீரையை மசிக்கிறோம். சோற்றுக்கு மட்டும் ஊருக்கு ஒரு வினை இருக்கிறது. திருவாரூருக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் சோறு ஆக்குவார்கள், வடிப்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் பொங்குவார்கள். யாழ்ப்பாணத்தில் காய்ச்சுவார்கள். பட்டணத்தில் சாதம் வைப்பார்கள். 'சோறு சமைத்தேன்' என்று வீட்டுக்குள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இவற்றை வெகுநாள் வட்டார வழக்கு என்று மட்டும்தான் எண்ணியிருந்தேன். நானே அடுப்பில் நிற்கத் தொடங்கி இருபது வருடம் ஆன பிறகு வேறொன்று தோன்றுகிறது. ஒவ்வொரு சொல்லும் சோற்றின் ஒரு கணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பொங்குவது கொதி எழும் நேரம். வடிப்பது வெந்து முடிந்து கஞ்சி பிரியும் நேரம். வைப்பது அடுப்பில் ஏற்றும் நேரம். ஆக்குபவரின் முழுக் கவனமும் எந்தக் கணத்தில் தேவைப்பட்டதோ அதுவே வினையாகிவிட்டது. குக்கர் வந்த பிறகு 'வைப்பது' மற்ற வினைகளை ஓரம் தள்ளியதும் அதனால்தான். இன்று "சாதம் வச்சுட்டேன்" என்றால் வேலை முடிந்தது என்று பொருள். என் அப்பாயி, அப்பாவின் அம்மா, "உலை வச்சுட்டேன்" என்றால் வேலை அப்போதுதான் தொடங்குகிறது என்று பொருள்.

அவள் வடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பானையில் முக்கால் அளவு தண்ணீர் ஏறும். அது தளதளவென்று கொதிப்பதற்குள் அரிசியைக் களைந்து கல் அரித்துவிட வேண்டும். களைந்த முதல் தண்ணீர் மாட்டுக்கு, கழுநீர்த் தொட்டியில் போகும். அரிகஞ்சட்டியின் உட்புறம் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். தண்ணீரோடு சேர்த்து மெல்ல ஆட்டினால் அரிசி அலையேறி அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும், கல் வரியில் தங்கும். இப்போது ஆலையிலேயே கல் நீக்கி வருவதால் அந்தச் சட்டி வீட்டைவிட்டுப் போய்விட்டது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடம் இதை விவரித்தபோது, "எங்கட அரிக்கன் சட்டியைத்தானே சொல்லுறியள்" என்று முகம் மலர்ந்தார்.

அரிசி விழுந்ததும் கொதி அடங்கும். மறுபடி எழும்போது நுரை கட்டிக்கொண்டு வரும். அரிசியிலிருந்து கரைந்த மாவு, மேலேறும் ஆவியைக் குமிழிக்குள் அடைத்துக்கொள்வதால் வருவது அது. பானையின் வாய்க்குக் குறுக்கே அகப்பையைப் போட்டால் குமிழிகள் அதில் பட்டு உடையும். அப்பாயி அதற்குப் பிறகு அடுப்பங்கரையை விட்டு நகர மாட்டாள். விறகை உள்ளே தள்ளுவாள், வெளியே இழுப்பாள், அகப்பையில் நாலு பருக்கையை அள்ளி, ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்குவாள். நடுவில் ஊசிமுனையளவு வெள்ளை தெரிந்தால் அதுதான் இறக்கும் நேரம். முழுக்க வெந்த பிறகு இறக்கினால், வடிகிற நேரத்தில் பானைச் சூட்டிலேயே மேலும் வெந்து குழைந்துவிடும். வடிதட்டால் மூடிக் கவிழ்த்த பானையில் அந்த வெள்ளைப் புள்ளி தானாக மறையும். கஞ்சி வடிந்த பிறகு பானையை நிமிர்த்தி, தணிந்த கங்கின் மேல் ஒரு நிமிடம் வைத்து எடுப்பாள். ஒட்டியிருக்கும் ஈரமும் அதில் போய்விடும். இலையில் விழும்போது பருக்கை ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும். விரலால் பிசைந்தால் மறுக்காமல் மசியும். அது இரண்டும் ஒரே சோற்றில் கூடிவருவதைத்தான் நான் இன்றுவரை நல்ல சோறு என்கிறேன்.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழியை நாம் ஆளை எடைபோடத்தான் பயன்படுத்துகிறோம். எனக்கு அது வடிக்கிற பானையைப் பற்றிய நேரடிக் குறிப்பாகவே படுகிறது. அரிசியைப்போல ஐந்தாறு மடங்கு தண்ணீர் உள்ள பானையில் கொதிநீர் கீழிருந்து மேலேறி, மேலிருந்து கீழிறங்கிச் சுழன்றுகொண்டே இருக்கிறது. ஒவ்வோர் அரிசியும் பானையின் எல்லா இடத்துக்கும் போய் வருகிறது. அதனால் எந்தப் பருக்கையை எடுத்தாலும் மொத்தத்துக்கும் அது சாட்சி. அளவுத் தண்ணீர் வைத்து மூடிய பாத்திரத்தில் இந்த நியாயம் செல்லாது. அடியில் குழைந்து, மேலே நறுக்கென்று நிற்கலாம். ஒரு சோற்றைப் பதம் பார்த்து ஊரை அறிந்த அனுபவம், தாராளமாகத் தண்ணீரும் விறகும் காத்திருக்கும் நேரமும் இருந்த அடுக்களையில் பிறந்தது.

நேரம் என்று சொல்லும்போது அம்மாவை நினைக்காமல் இருக்க முடியாது. எட்டு பத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய ஆசிரியை அவள். பானை முன்னால் நிற்க அவளுக்கு அரைமணி நேரம் கிடையாது. 1950-களின் கடைசியிலிருந்து நம் நாட்டில் பரவத் தொடங்கிய பிரஷர் குக்கர் எங்கள் வீட்டுக்கு 1970-களின் நடுவில் வந்தது. அடித்தட்டில் பருப்பு, மேல்தட்டில் அரிசி. முழு அழுத்தம் ஏறினால் உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரியைத் தொடுகிறது. வேகும் நேரம் பாதிக்கும் கீழே குறைகிறது. அந்த மிச்ச நேரத்தில் அவள் தலை பின்னிக்கொண்டாள், பாடக்குறிப்பு எழுதினாள். குக்கர் சோற்றை இழித்துப் பேசுகிறவர்களிடம் எனக்கு வருகிற கோபம் அங்கிருந்து வருவது.

ஆனால் மூடி விழுந்த பிறகு பதம் பார்க்க வழியில்லை. விரல் செய்த வேலையை இனி முன்கூட்டியே அறிவு செய்தாக வேண்டும். இது என்ன அரிசி, எவ்வளவு தண்ணீர் குடிக்கும், எவ்வளவு நேரம் ஊறியது என்று அடுப்பில் ஏற்றும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். விசிலை எண்ணுவது இதற்கு ஈடாகாது. விசிலுக்கு அழுத்தம் மட்டும்தான் தெரியும். பெரிய தணலில் மூன்று விசில் நாலு நிமிடத்தில் வந்துவிடும், சிறு தணலில் பத்து நிமிடம் ஆகும். முதல் விசில் வந்ததும் தணலைக் குறைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் எனக்குக் கைகொடுத்தது. ஊறிய பச்சரிசிக்கு ஐந்தாறு நிமிடம், புழுங்கலுக்கு ஏறக்குறைய அதன் இரட்டிப்பு. அணைத்த பிறகு ஆவி தானாக அடங்க வேண்டும். அவசரத்தில் வெயிட்டைத் தூக்கிவிட்டால் அழுத்தம் சட்டென்று விழும். பருக்கைக்குள் இருக்கும் சூடான நீர் அந்த நொடியே கொதித்து, பருக்கையைப் பிளந்துகொண்டு வெளியேறும். குக்கர் சோறு 'வாய் பிளந்து' கிடப்பதற்குப் பெரும்பாலும் இந்த அவசரமே காரணம்.

தண்ணீர்க் கணக்கில் ஒரு விஷயத்தை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு இரண்டரை, புழுங்கலுக்கு மூன்று, மூன்றரை என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். அது ஒரு டம்ளருக்குச் சரியாக வரும். விருந்தாளிகள் வந்த நாளில் நாலு டம்ளர் அரிசிக்கு அதே விகிதத்தில் ஊற்றினால் சோறு களியாகிறது. ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்கு அரிசிக்குள் போகிறது, இன்னொரு பங்கு ஆவியாகப் போகிறது. அரிசிக்குள் போகிற பங்கு அரிசியின் அளவைப் பொறுத்தது. ஆவியாகப் போவது பாத்திரத்தின் வாய் அகலத்தையும் அடுப்பில் இருக்கும் நேரத்தையும் பொறுத்தது. அரிசி நாலு மடங்கானால் இந்த இரண்டாவது பங்கும் நாலு மடங்காகிவிடாது. திறந்த வெண்கலப்பானைக்கு ஓர் அளவு, குக்கருக்குள் மூடி போட்ட தட்டுக்கு வேறோர் அளவு என்பதும் இதனால்தான். சமையல் குறிப்புகள் அரிசியை மட்டும் அளந்து சொல்கின்றன, பாத்திரத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஊறப்போடுவது பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போன பழக்கம். காய்ந்த அரிசியைக் கொதியில் போட்டால் வெளிப்பக்கம் வெந்து கரையத் தொடங்கும்போதும் நடுப்பகுதி தண்ணீரைப் பார்த்திருக்காது. பச்சரிசிக்கு இருபது நிமிடம், புழுங்கலுக்கு அரைமணி முதல் ஒருமணி. மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி போன்ற தவிடு நீங்காத அரிசிகளை இரவே ஊறப்போட வேண்டும். "கவுனி வேகவே மாட்டேங்குது" என்று ஒரு பையோடு கைவிட்ட பலரை எனக்குத் தெரியும். இரவில் ஒரு கிண்ணம் தண்ணீர் அவர்களை அந்த அரிசியோடு சேர்த்து வைத்திருக்கும்.

அரிசியை அறிவது என்றால் பெயரை அறிவது போதாது. "புதுசா, பழசா?" என்ற கேள்வியை அப்பாயி கடைக்காரரிடம் முதலில் கேட்பாள். அறுத்து ஓரிரு மாதத்தில் அரைத்த அரிசி தண்ணீர் குறைவாகக் குடிக்கும், சீக்கிரம் குழையும். ஓராண்டு கிடந்த அரிசி கூடுதல் தண்ணீர் கேட்கும், நீளமாக விரியும், ஒட்டாது. தை அறுவடை முடிந்து புதுநெல் வந்ததும் அவள் உலையில் கை அளவு குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். பொங்கலுக்குப் புத்தரிசி பொருந்துவதும் அந்தக் குழைவால்தான்.

உதிர்வதும் ஒட்டுவதும் மாவுச்சத்தின் இரண்டு வகைகளுக்கு இடையிலான பங்கீடு. அமைலோஸ் கூடினால் சோறு உதிரியாகும், ஆறினால் விறைக்கும். அமைலோபெக்டின் கூடினால் மெத்தென்று ஒட்டும். 1966-ல் பிலிப்பைன்ஸ் நெல் ஆய்வு நிலையத்திலிருந்து ஐ.ஆர். 8 என்ற நெல் ரகம் வந்தபோது களத்தில் நெல் குவிந்தது, வயிறு நிறைந்தது. ஆனால் சோறு ஆறியதும் கல்லாகிவிடுகிறது என்று வீடுகளில் முணுமுணுத்தார்கள். அமைலோஸ் மிகுந்த அரிசி அது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986-ல் வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. மலேசியாவின் மசூரியிலிருந்து தேர்ந்தெடுத்த அந்த அரிசியைத் தமிழ்நாட்டு வீடுகள் ஏன் அப்படி அணைத்துக்கொண்டன என்பதற்கு அந்த முணுமுணுப்பு பாதி விடை. இன்று பொன்னி என்ற பெயரில் மூட்டையில் வருவது எல்லாம் பொன்னி இல்லை. ஆந்திரத்தின் பாபட்லாவில் பிறந்த பி.பி.டி. 5204 'ஆந்திரா பொன்னி'யாக இங்கே விலை போகிறது. நல்ல அரிசிதான், ஆனால் தண்ணீர்க் கணக்கு வேறு. மூட்டையின் மேல் எழுதியிருப்பதை நம்பி உள்ளே இருப்பதை வேகவைக்க முடியாது. அதனால் புது மூட்டை பிரித்தால் முதல் நாள் நான் வடித்துத்தான் பார்ப்பேன். எத்தனை நிமிடத்தில் பதம் வருகிறது, எவ்வளவு விரிகிறது என்று அரிசியே சொல்லிவிடும். மறுநாளிலிருந்து குக்கர்.

புழுங்கல் ஏற்கெனவே ஒருமுறை வெந்தது. நெல்லை உமியோடு ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அதன் பிறகே குத்துகிறார்கள். உள்ளிருக்கும் மாவு வெந்து இறுகிவிடுவதால் இரண்டாம் முறை வேகக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, எளிதில் குழைவதும் இல்லை. அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்குகிறது. எத்தனை தீட்டினாலும் அது முழுக்கப் போவதில்லை.

மலாயா இதற்கு ஒரு கொடிய சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெரிபெரி நோய் சுரங்கங்களிலும் சிறைகளிலும் ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் நிற்கும். ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் கூட்டமாக மடிந்தார்கள். அதே மண்ணில் புழுங்கல் உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் நோய் அரிதாகவே இருந்தது. பிராடன் என்ற மருத்துவர் 1907-ல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். அதற்குச் சற்று முன், 1905-ல், ஃபிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்குச் சயாம் அரிசி, மறு பாதிக்கு இந்தியப் புழுங்கல். சயாம் அரிசி உண்ட பக்கத்தில் நோய் பரவிப் பலர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் ஏறக்குறைய தப்பியது. வைட்டமின் என்ற சொல்லே 1912-ல்தான் பிறந்தது. தங்கள் தட்டில் என்ன நடக்கிறது என்று அந்தக் காப்பகத்து மனிதர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் வீட்டில் அன்றாடம் கொதிக்கும் ஒரு பொருளைப் பற்றிய அறிவில் அவர்கள் உயிரும் கலந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து புழுங்கல் அரிசியை நான் பழைய அலட்சியத்தோடு அள்ளுவதில்லை.

1930-களில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் எய்க்ராய்டு என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் அரிசி கழுவும் தண்ணீரிலும் வடிக்கும் கஞ்சியிலும் என்னென்ன போகிறது என்று அளந்தார்கள். தீட்டிய பச்சரிசி கழுவும்போதே நிறைய இழந்தது, புழுங்கல் குறைவாக இழந்தது. வடிப்பதை எதிர்த்துச் சொல்லப்படும் நியாயமான குறை இதுதான். கஞ்சியோடு சத்தும் போகிறது. கஞ்சியை வீசினால்தான் அந்தக் குறை பொருந்தும். எங்கள் வீட்டில் அது வீசப்பட்டதே இல்லை. உப்பும் இரண்டு சின்ன வெங்காயமும் போட்டு அப்பாயி சூடாகக் குடிப்பாள். மிச்சம் அம்மாவின் பருத்திப் புடவைக்கு, இன்னும் மிஞ்சினால் மாட்டுக்கு. வடிக்கத் தெரிந்த நான் நகரத்து அடுக்களையில் பல வருடம் அந்தக் கஞ்சியைத் தொட்டித் துளையில் ஊற்றியிருக்கிறேன். இப்போது குடிக்கிறேன். ரசத்துக்கும் குழம்புக்கும் தண்ணீருக்குப் பதிலாகச் சேர்க்கிறேன்.

வடிப்பதில் இன்னொரு குறை எரிபொருள். அதற்கு நாகர்கோவிலில் நண்பர் வீட்டில் ஒரு விடையைப் பார்த்தேன். அவர்கள் உண்பது சிவந்த மட்டை அரிசி, வேக ஒருமணி நேரம் ஆகும். அந்த அம்மா பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பானையை மூடியோடு தூக்கி, உள்ளே பஞ்சணை வைத்த ஒரு பெட்டியில் இறக்கி மூடினார். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் ஊர் ஊராகப் பரப்பிய சூடாறாப்பெட்டி அது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது அரிசி வெந்திருந்தது. மாவுச்சத்து வேக 70 டிகிரிச் சூடு போதும். கொதி வேண்டியதில்லை, சூடு ஆறாமல் இருந்தால் சரி. பிறகு அவர் அதை வழக்கம்போல் வடித்தார். "தீயில நிக்கண்டாம், வேலையப் பாக்கலாம்" என்றார். குக்கர் தந்த நேரத்தையும் வடிதட்டு தந்த சோற்றையும் ஒன்றாகப் பார்த்தது அன்றுதான்.

மின்சாரக் குக்கரை நான் வெகுநாள் நம்பவில்லை. ஜப்பானில் தோஷிபா 1955-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று கொழும்பிலும் சிங்கப்பூரிலும் டொரண்டோவிலும் தமிழ் வீடுகளில் சோறு என்றால் அந்தக் குக்கர்தான். அதன் எளிய வகைக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பக்கச் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் தீர்ந்ததும் சூடு மளமளவென்று ஏறும். நூற்றைச் சற்றே தாண்டியதும் அந்தக் காந்தம் தன் ஈர்ப்பை இழக்கும், பொத்தான் 'டக்'கென்று மேலே எழும்பும். எத்தனை அழகான யோசனை. ஆனால் அதற்குத் தெரிந்தது தண்ணீர் தீர்ந்த செய்தி ஒன்றுதான். சோறு வெந்ததா என்பதை, எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தெரிந்த ஒருவர் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

என் மகள் வேலைக்காகப் புனே போய் அறை எடுத்த முதல் வாரம் இரவில் அழைத்தாள்.

"அப்பா, ஒரு டம்ளருக்கு மூணு டம்ளர் தண்ணிதானே? கூழாப் போச்சு."

"என்ன அரிசிம்மா?"

"கடையில நல்ல வாசனையா இருந்துச்சு. ஆம்பேமொஹர்னு சொன்னாங்க."

மாம்பூ வாசம் என்று பொருள்படும் பெயர். சிறிய மணி, வெந்தால் இயல்பாகவே ஒட்டும் பச்சரிசி. நம் வீட்டுப் புழுங்கல் கணக்கை அதன் மேல் ஊற்றினால் வேறென்ன ஆகும். நான் அந்த அரிசியை ஆக்கியதில்லை. அளவு கேட்டவளிடம், ஒரு கை அரிசியைத் தனியாக நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு இரண்டு நிமிடத்துக்கு ஒரு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்க்கச் சொன்னேன். எப்படி நசுக்குவது, நடுவில் எதைத் தேடுவது என்பதையும் சொன்னேன். அவள் என் அப்பாயியைப் பார்த்ததில்லை.

பத்து நாள் கழித்து நானாக அழைத்தபோது அவள் மின்சாரக் குக்கருக்குப் பக்கத்தில்தான் இருந்தாள்.

"மூணும் வேணாம், ரெண்டும் வேணாம்பா. இருபது நிமிஷம் ஊறினா ஒண்ணே முக்கால் போதும். நீங்க இங்க வந்தா பொன்னி கணக்குல ஊத்திராதீங்க."

பின்னால் பொத்தான் எழும்பும் சத்தம் கேட்டது. திறந்து பார்க்கிறாயா என்று கேட்டேன்.

"இன்னும் பத்து நிமிஷம் மூடி திறக்க மாட்டேன்" என்றாள்.